புதிய பதிப்பு வந்தால் பழையது செத்துவிடுமா?

சென்ற ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது மாத்தளையிலுள்ள எங்கள் வீட்டிற்கு விருந்தினர் ஒருவர் வந்திருந்தார். நன்கு படித்தவர், நாலு நாடு கண்டவர், பேச்சிலும் பண்பானவர். அவர் வந்த நேரத்தில் எங்கள் சாப்பாட்டு மேசையில் பையன்கள் ஆறு பேர் ஒரு போரை நடத்திக்கொண்டிருந்தனர். மேசை ஓரத்தில் கிடந்த புத்தகத்தை விருந்தினர் எடுத்தார், அட்டையைப் பார்த்தார், உள்ளே அச்சிட்ட ஆண்டைப் பார்த்தார், சிரித்தார். "தம்பிமார், இது செத்துப்போன பதிப்பு. இதற்குப் பிறகு எத்தனையோ வந்துவிட்டன. இதை இப்போது ஒருவரும் விளையாடுவதில்லை" என்றார்.

அவர் தீய எண்ணத்தோடு சொன்னார் என்று நான் கூறமாட்டேன். ஆயினும் அந்த மூன்று வாக்கியங்கள் செய்த வேலையை நான் கண்ணாரக் கண்டேன். அடுத்த வாரம் பையன்கள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பெட்டி அலுமாரியின் மேலே ஏறிவிட்டது. காரணம் கேட்டபோது அவர்களில் மூத்தவன், "அது பழசாம் மாமா" என்று முடித்துவிட்டான். "பழசாம்" என்ற அந்த ஒரு சொல்லுக்கு நான் எழுதும் பதிலே இந்தக் கட்டுரை.

வாசகர்களில் பலருக்கு இந்த விளையாட்டுப் புதிதாக இருக்கும். ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஓரங்குலத்துக்குச் சற்றுக் கூடிய உயரமுள்ள உலோக அல்லது பிளாஸ்டிக் உருவங்கள். மனிதர், குள்ளர், கூர்ங்காதுடைய எல்ஃப்கள், பச்சை நிற ஓர்க்குகள், சிறகுள்ள நாகங்கள் என்று நமது விக்கிரமாதித்தன் கதைப் பூதங்களுக்கு ஈடான ஐரோப்பியக் கற்பனைப் படைகள். இவற்றை அணியணியாக மேசைமேல் நிறுத்தி, அளவுநாடாவால் தூரம் அளந்து நகர்த்தி, பகடை உருட்டி வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிறார்கள். சதுரங்கத்தைப்போல் இதில் கட்டங்கள் இல்லை. எந்த அணி எவ்வளவு தூரம் நகரலாம், எப்போது பாயலாம், எப்போது பயந்து ஓடும் என்பதையெல்லாம் ஒரு விதிநூல் சொல்கிறது. இவ்வகை விளையாட்டுகளில் மிகப் புகழ்பெற்றது இங்கிலாந்தின் கேம்ஸ் வேர்க்ஷொப் நிறுவனம் 1983 இல் தொடங்கிய வார்ஹாமர். அதன் விதிநூல் 1984, 1987, 1992, 1996, 2000, 2006, 2010 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் மாற்றி எழுதப்பட்டது. ஆக, எட்டுப் பதிப்புகள்.

இலண்டனில் வளர்ந்த என் தங்கை மகன் 2019 இல் இங்கு வந்தபோது, தான் இளமையில் விளையாடிய நான்கு விதிநூல்களையும் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய உருவங்களையும் எங்கள் வீட்டில் விட்டுச்சென்றான். 1987, 1992, 2000, 2010 ஆகிய ஆண்டுகளின் பதிப்புகள் அவை. மூன்று ஆண்டுகள் அவற்றை யாரும் தொடவில்லை. பிறகு வந்தது 2022.

அந்த ஆண்டை இலங்கையில் வாழ்ந்த எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. மார்ச் இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லை. எரிபொருளின்றிப் பாடசாலைகள் மூடப்பட்டன. தாள் இல்லாமல் சில நாளிதழ்களின் சனிக்கிழமைப் பதிப்புகள் அச்சேறவில்லை. என் தொழிலுக்கு அதைவிடப் பெரிய அவமானம் வேறில்லை. அந்த இருட்டில்தான் எங்கள் ஒழுங்கையின் பையன்கள் மேசை விளக்கைச் சுற்றிக் கூடி அந்தப் பெட்டியைத் திறந்தார்கள். தமிழ்ப் பையன்கள் மூவர், முஸ்லிம் பையன்கள் இருவர், சிங்களப் பையன் ஒருவன். தமிழனுக்கும் சிங்களவனுக்கும் நான் ஒரே சொல்லில் "மாமா". மற்ற இருவருக்கு "அங்கிள்". புத்தகம் ஆங்கிலம், விளக்கம் தமிழ், சண்டை மூன்று மொழிகளிலும் நடந்தது.

இருந்த உருவங்கள் போதவில்லை. வாங்கக் கடையுமில்லை, காசுமில்லை. சவர்க்காரப் பெட்டி அட்டையை இருபது மில்லிமீற்றர் சதுரங்களாக வெட்டி, அதன்மேல் சுது கங்கைக் கரைக் களிமண்ணில் வீரர்களைப் பிடித்து வைத்தார்கள். விதிகளில் தகராறு வந்தபோது நடுவராக என்னை இருத்தினார்கள். முப்பது ஆண்டுகள் பத்திரிகையில் பிறருடைய வழக்குகளைக் கேட்டு எழுதியவனுக்கு அந்தப் பதவி பிடித்துப்போனது. நான்கு பதிப்புகளையும் நான் படித்தது இப்படித்தான். நடுவர் தீர்ப்புச் சொல்வதற்கு நான்கையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. ஒப்பிட்டுப் பார்த்தவன் என்ற உரிமையோடுதான் விருந்தினருக்கு மறுப்பு எழுதுகிறேன்.

'பதிப்பு' என்ற சொல்லோடு மாத்தளைக்காரனுக்கு ஒரு பழைய உறவு உண்டு. நான் கொழும்பில் பணியாற்றிய காலத்தில் இரவில் முதலில் அச்சாவது வெளியூர்ப் பதிப்பு. மலைநாட்டுக்கும் வடக்குக்கும் கிழக்குக்கும் செல்ல வேண்டிய கட்டுகள் முன்னிரவிலேயே புறப்பட வேண்டும். நள்ளிரவுக்குப் பின் வந்த செய்திகளைச் சேர்த்துக் கடைசியில் அச்சாவது நகரப் பதிப்பு. ஆகவே மாத்தளை வாசகன் எப்போதும் 'பழைய' பதிப்பையே படித்தான். ஆனால் அவன் படித்தது பத்திரிகையல்ல என்று எந்த ஆசிரியரும் சொன்னதில்லை. முதற் பதிப்பில் நிதானமாக எழுதப்பட்ட நல்ல கட்டுரையொன்று, நள்ளிரவுச் செய்திக்கு இடம்விடுவதற்காக நகரப் பதிப்பில் பாதியாக வெட்டப்பட்டதையும் நான் பார்த்திருக்கிறேன். பின்னால் வந்தது என்பதற்காகவே ஒன்று சிறந்ததாகிவிடாது என்பதை அச்சுக்கூடத்தில் நின்றவர்கள் அறிவார்கள்.

இனி விதிநூல்களுக்கு வருவோம். பதிப்பின் எண்ணைப் பாராமல், அந்த விதி மேசையில் நம்மை என்ன செய்ய வைக்கிறது என்று பார்ப்பதே நேர்மையான ஒப்பீடு. மூன்று இடங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, பாய்ச்சல். 1992 முதல் 2006 வரையிலான நான்கு பதிப்புகளிலும் ஒரு காலாள் அணி எதிரிமேல் பாயும்போது தன் நடையளவின் இரு மடங்கு செல்லும். சாதாரண மனித வீரனின் நடை நான்கு அங்குலம். பாய்ச்சல் எட்டு அங்குலம். ஆனால் முன்கூட்டியே அளந்து பார்க்க அனுமதியில்லை. கண்ணால் மதித்து, பாய்கிறேன் என்று அறிவித்த பின்னரே நாடாவை எடுக்கலாம். எட்டரை அங்குலமாக இருந்துவிட்டால் அணி நடுவழியில் நின்றுவிடும். 2010 இன் எட்டாம் பதிப்பு இதைத் தலைகீழாக்கியது. எப்போது வேண்டுமானாலும் அளக்கலாம். ஆனால் பாய்ச்சல் தூரம் நடையளவோடு இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை. அதே வீரன் ஆறு அங்குலமும் போகலாம், பதினாறும் போகலாம். பழைய விதி கண்மதிப்பைச் சோதித்தது. புதிய விதி துணிச்சலைச் சோதிக்கிறது. ஒன்றில் அனுபவசாலிக்கு வாய்ப்பு அதிகம், மற்றதில் அதிர்ஷ்டசாலிக்கு. எது உயர்ந்தது? இது வளர்ச்சியுமல்ல, வீழ்ச்சியுமல்ல, சுவை வேறுபாடு. தோசைக்குப் பிறகு ஆப்பம் வந்ததால் தோசை காலாவதியாகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லையே!

இரண்டாவது, அணியின் அகலம். இங்குதான் வாசகர்கள் சற்றுக் கூர்ந்து கவனிக்க வேண்டும். அடுக்கடுக்காக நிற்கும் அணிக்குப் பின்வரிசை ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி வீதம், மூன்று புள்ளி வரை சண்டையில் சலுகை உண்டு. 2000 ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு வரிசைக்கு நால்வர் நின்றால் போதும். முன்வரிசையும் பின்னால் மூன்று வரிசையுமாகப் பதினாறு உருவங்கள். 2006 இல் அந்த நால்வர் ஐவராக்கப்பட்டனர். முழுச் சலுகைக்கு இருபது உருவங்கள் வேண்டும். 2010 இல் இன்னொரு புதுமை: பத்துப் பேர் அகலத்தில் நின்றால் மூன்றாம் வரிசையும் சேர்ந்து அடிக்கலாம். அதாவது முப்பது உருவங்கள். பதினாறு, இருபது, முப்பது. போர்க்கலை பத்தாண்டுகளில் இவ்வளவு முன்னேறிவிட்டதா? அல்லது உருவங்களை விற்பவரும் விதியை எழுதுபவரும் ஒருவரே என்பதால் வந்த வினையா? நிறுவனத்தின் உள்மனத்தை நான் அறியேன்; ஆகவே தீர்ப்புக் கூறவில்லை. கணக்கை மட்டும் வைக்கிறேன். சவர்க்காரப் பெட்டியை வெட்டி வீரர் செய்யும் மாத்தளைப் பையனுக்குப் பதினாறு என்பது ஒரு மாலை நேர வேலை. முப்பது என்பது ஒரு வாரம். 'செத்துப்போன' பதிப்புத்தான் அவனை விளையாட விட்டது.

மூன்றாவது, நடுவர். வார்ஹாமர் தொடங்கிய 1983 இலும், 1987 இன் தடித்த மூன்றாம் பதிப்பிலும் இரு தரப்புக்கும் பொதுவாக ஒருவர் இருந்து கதையை அமைத்து, சந்தேகம் வரும்போது தீர்ப்புக் கூறுவார் என்ற எண்ணம் இருந்தது. 1992 இலிருந்து அவர் மெல்ல மறைந்தார். இருவர் எங்கே சந்தித்தாலும் சரிசமமான புள்ளிகளில் படை திரட்டி மோதலாம் என்ற ஏற்பாடு முன்னுக்கு வந்தது. அதில் வசதியுண்டு, மறுக்கவில்லை. ஆனால் நடுவர் போனதும் அவர் இடத்தை விதிகளால் நிரப்ப வேண்டியதாயிற்று. மூன்று மெல்லிய கையேடுகளாகப் பிறந்த விளையாட்டு 2010 இல் ஐந்நூறு பக்கங்களைத் தாண்டிய பொதியாகியது.

இது புதிய பிரச்சினையுமல்ல. பிரஷ்ய இராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824 இல் தம் போர்ப் பயிற்சி விளையாட்டுக்கு விரிவான விதிகளை எழுதினார். அரை நூற்றாண்டு கழித்து 1876 இல் வெர்டி டு வெர்ன்வா என்ற மற்றோர் அதிகாரி, இந்த விதிகளின் பாரத்தில் விளையாட்டே மூச்சுத் திணறுகிறது, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்று வாதிட்டார். எச்.ஜி. வெல்ஸ் 1913 இல் பொம்மைப் படைவீரர்களுக்காக எழுதிய சிறு நூலோ ஒரு பொம்மைப் பீரங்கியையும் சில எளிய விதிகளையும் வைத்துக்கொண்டு காரியத்தை முடித்துவிட்டது. 1971 இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் மத்தியகாலப் போருக்கான தம் விதிநூலில் மந்திரவாதிகளையும் நாகங்களையும் ஒரு பின்னிணைப்பாகச் சேர்த்தபோதுதான் கற்பனைப் படைகள் இந்த மேசைக்கு வந்து சேர்ந்தன. இருநூறு ஆண்டுகளாகக் கூடுதலான விதி, குறைவான விதி என்று ஊசல் ஆடிக்கொண்டே இருக்கிறது. ஊசலின் ஒரு முனையில் நின்றுகொண்டு மறுமுனை செத்துவிட்டது என்பவரை என்னவென்று சொல்வது?

பழையதெல்லாம் பொன் என்று நான் வாதிடுவதாக எவரும் எண்ண வேண்டாம். 1992, 1996 பதிப்புகளில் ஒரு பெரும் குறை இருந்தது. மந்திர ஆயுதங்களைச் சுமந்த ஒரே தலைவன் நாகத்தின்மேல் ஏறி வந்து எதிரியின் படை முழுவதையும் தனியாளாக அழித்துவிட முடிந்தது. படையென்று ஒன்று எதற்கு என்று எங்கள் பையன்களே கேட்டார்கள். அக்காலத்து விளையாட்டுக்காரர்களும் அதைக் கேலிசெய்து பட்டப்பெயர் வைத்தார்கள். 2000 ஆம் ஆண்டுப் பதிப்பு தலைவர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டி, சாதாரண வீரர்களின் அணிக்கு மதிப்பை மீட்டுத் தந்தது. அங்கே புதியது பழையதை வென்றது; நேர்மையாக வென்றது. 1987 இன் பதிப்பிலோ அணி திரும்புவதற்கும் சுழல்வதற்கும் பின்வாங்குவதற்கும் உள்ள நுணுக்கங்களைப் படித்து முடிப்பதற்குள் பையன்களுக்குக் கொட்டாவி வந்துவிட்டது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான் கேட்பது இவ்வளவுதான்: எந்த இடத்தில் எது வென்றது, எது தோற்றது என்பதை ஒப்பிட்டுத்தானே அறிய முடியும்? 'செத்த பதிப்பு' என்ற சொல் அந்த ஒப்பீட்டையே தடைசெய்கிறது. விசாரணை இல்லாமல் தண்டனை வழங்குகிறது. பழையதைப் படிக்காதே என்கிறவர், புதியதை எடைபோடாதே என்றும் சேர்த்தே சொல்கிறார். எடைபோடுவதற்குத் தராசின் மறுதட்டில் ஏதாவது இருக்க வேண்டுமல்லவா?

எதிர்வாதங்களை நான் அறியாமலில்லை. போட்டி நடத்துபவர்களுக்கு எல்லோரும் ஒரே பதிப்பைப் பின்பற்றுவது அவசியம் என்பார்கள். உண்மை. நூறுபேர் கூடும் மண்டபத்துக்கு அது பொருந்தும். ஆறு பேர் கூடும் சாப்பாட்டு மேசைக்கு அந்த மண்டபத்தின் சட்டம் எதற்கு? புதியது விற்காவிட்டால் நிறுவனம் எப்படி வாழும் என்பார்கள். அதுவும் நியாயமான கேள்வியே. உருவங்களை வடித்தவனுக்கும் வரைந்தவனுக்கும் கூலி வேண்டும். விற்கட்டும், தாராளமாக விற்கட்டும். 2000 இல் புதிய பதிப்பு வந்தபோது பழைய படைகளை வைத்திருந்தவர்கள் கைவிடப்படாமல் இருக்க, எல்லாப் படைகளுக்கும் தற்காலிகப் பட்டியல்களை அந்நிறுவனமே ஒரு சிறு நூலாக வெளியிட்டது. அது நல்ல வியாபாரம், நல்ல மரியாதையும்கூட. ஆனால் ஒரு விருந்தினர் கமிஷனும் வாங்காமல், சம்பளமும் வாங்காமல், எங்கோ இருக்கும் நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதியாகத் தம்மைத் தாமே நியமித்துக்கொண்டு, வாங்க வழியில்லாத பையன்களிடம் வந்து உங்கள் பொருள் செல்லாது என்று அறிவிப்பது எந்த வகையில் நியாயம்?

ஒருவரும் விளையாடுவதில்லை என்றாரே, அது உண்மைக்கு நேர் மாறு. எண்பதுகளின் பதிப்புகளை மட்டுமே விளையாடுவோர் 'ஓல்ட்ஹாமர்' என்ற பெயரிலேயே பல நாடுகளில் கூடுகிறார்கள். ஆறாம் பதிப்புக்கும் எட்டாம் பதிப்புக்கும் இன்றும் விசுவாசமான குழுக்கள் இருக்கின்றன.

அதைவிடப் பெரிய சான்றை அந்த நிறுவனமே தந்திருக்கிறது. 2015 இல் அது எட்டுப் பதிப்புகளின் வரலாற்றையும் மூடிவிட்டது. கதையிலேயே அந்த உலகத்தை அழித்தது. சதுரப் பீடங்களில் அணியணியாக நின்ற படைகளுக்குப் பதிலாக வட்டப் பீடங்களில் சிதறி நிற்கும் படைகளோடு வேறொரு விளையாட்டு வந்தது. ஐந்நூறு பக்கங்கள் போய் நான்கு பக்க விதிகள். தொடக்கத்தில் படைகளைச் சரிசமமாக்கும் புள்ளிக் கணக்குக்கூட இல்லை. அதை அடுத்த ஆண்டில்தான் சேர்த்தார்கள். மனமுடைந்த ஒருவர் தம் படையைத் தீயிட்டுக் கொளுத்தி அதைக் காணொளியாகவும் வெளியிட்டார். வேறு சிலர் கொளுத்தவில்லை, உட்கார்ந்து எழுதினார்கள். பழைய பதிப்புகளின் அடிப்படையில் 'நைன்த் ஏஜ்', அதாவது ஒன்பதாம் யுகம், என்ற புதிய விதிநூலைத் தாங்களே உருவாக்கினார்கள். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2024 ஜனவரியில் என்ன நடந்தது? அதே நிறுவனம் 'தி ஓல்ட் வேர்ல்ட்' என்ற பெயரில் சதுரப் பீடங்களையும் அணிவகுப்பையும் திரும்பக் கொண்டுவந்தது. செத்துவிட்டது என்று சொல்லப்பட்டது எழுந்து வந்து கடைத்தட்டில் நிற்கிறது! எங்கள் விருந்தினர் தம் தீர்ப்பைச் சொன்னபோது அந்தப் பெட்டி விற்பனைக்கு வந்துவிட்டிருந்தது என்பதே இதில் வேடிக்கை.

பழையது போய்ப் புதியது வருவது இயல்பு என்று பவணந்தி முனிவரைச் சிலர் துணைக்கழைப்பதுண்டு. அந்தச் சூத்திரத்தை முழுவதும் படித்தவர்கள் அறிவார்கள்: காலத்தால் அப்படி நேர்வது குற்றமாகாது என்றுதான் அவர் சொன்னார். பழையதை அடித்துத் துரத்துவது கடமை என்று அவர் சொல்லவில்லை.

நம் ஊர் விளையாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலி, பதினைந்து ஆடு. மாத்தளைத் தோட்டங்களின் லயத்து வாசல்களில் கரித்துண்டால் கோடு கிழித்துப் புளியங்கொட்டைகளையும் கற்களையும் வைத்துப் பெரியவர்கள் ஆடியதை என் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். இலங்கையில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பணியாற்றிய ஹென்றி பார்க்கர் 1909 இல் வெளியான 'பண்டைய இலங்கை' பற்றிய தம் நூலில் இந்நாட்டுப் பலகை விளையாட்டுகளைப் பதிவுசெய்தபோது, 'தெமள திவியன் கெளிய', அதாவது தமிழரின் சிறுத்தையாட்டம், என்ற பெயரையும் குறித்துவைத்தார். அந்த ஆட்டத்துக்கு உரிமையாளர் யாருமில்லை. ஆகவே அதற்குக் காலாவதித் திகதியும் இல்லை. எல்லா ஆடுகளையும் இறக்கிய பின்புதான் ஆடுகள் நகரலாமா, இல்லையா என்பதில் தோட்டத்துக்குத் தோட்டம் வழக்கு மாறியது. மேற்பிரிவுக்காரன் கீழ்ப்பிரிவுக்கு வந்தால், "உங்க ஊர் முறையா, எங்க ஊர் முறையா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவான். அந்தக் கேள்வியில் இருந்த மரியாதை நம் விருந்தினரிடம் இல்லாமற்போனதே என் வருத்தம்.

ஆனால் வாய்வழக்கு மட்டும் போதாது என்பதற்கும் மாத்தளையிலேயே சாட்சி உண்டு. நகரத்திலிருந்து சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள அலுவிகாரையில்தான், கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், அதுவரை மனனமாக வழங்கிவந்த பாளித் திருமறை ஓலையில் எழுதப்பட்டது என்று மரபு சொல்கிறது. பஞ்சத்திலும் போரிலும் மனனம் செய்தவர்கள் மாண்டால் மறையும் மாண்டுவிடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். மறையையும் விளையாட்டையும் ஒரே தட்டில் வைப்பதாக எவரும் சினங்கொள்ள வேண்டாம். எழுத்தின் பயனைத்தான் சொல்கிறேன். எழுதப்பட்டது எழுதியவனைவிட்டு விடுதலை பெறுகிறது. லயத்து வாசலில் ஆடுபுலி ஆடிய பெரியவர்களோடு அவர்களுடைய முறைகளும் போய்விட்டன. எந்தத் தோட்டத்தில் எந்த வழக்கு இருந்தது என்று கேட்டெழுத இன்று ஆளில்லை. ஆனால் 2000 ஆம் ஆண்டின் விதிநூல் எங்கள் மேசைமேல் கிடக்கிறது. அச்சிட்டவர் கைவிட்டாலும் படிப்பவனுக்கு அது முழுதாகவே பயன்படுகிறது. அச்சடித்த புத்தகத்தின் உயிர் அதைக் கையில் வைத்திருப்பவனிடம் இருக்கிறது. விற்பனைப் பட்டியலில் இல்லை.

பெட்டியை நான் அலுமாரியிலிருந்து இறக்கினேன். அதனுள் ஒரு சீ.ஆர். கொப்பி இருந்தது. பையன்கள் தம் கைப்பட எழுதிய விதிகள். திறந்து படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அணியின் அகலம் நால்வர்: 2000 ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து. முன்கூட்டியே அளக்கலாம்: 2010 இலிருந்து, அவர்களில் ஒருவனுக்குக் கண்பார்வை குறைவு, கண்மதிப்பு விதி அவனுக்கு அநியாயமாக இருந்ததாம். ஆனால் பாய்ச்சல் தூரம் நிலையானது: பழையபடி இரு மடங்கு. சந்தேகம் வந்தால் நடுவர்: 1987 இலிருந்து. கடைசி வரியில், "மாமா சொல்வதே முடிவு, ஆனால் காரணம் சொல்ல வேண்டும்" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதியிருந்தது. முப்பது ஆண்டுப் பத்திரிகை வாழ்வில் எனக்கு எந்தப் பத்திராதிபரும் இவ்வளவு தெளிவான நியமனக் கடிதம் தந்ததில்லை.

நான்கு பதிப்புகளை அருகருகே வைத்து, ஒவ்வொன்றையும் விளையாடிப் பார்த்து, எது தங்களுக்குப் பொருந்தும், எது தங்களில் பலவீனமானவனுக்கு நியாயம் செய்யும் என்று யோசித்து, ஐந்தாவதாக ஒன்றை அவர்கள் படைத்திருந்தார்கள். எந்தப் பாடசாலைப் பரீட்சையும் இதைக் கேட்பதில்லை. பதினைந்து வயதுக்குள் ஒரு சட்டத்தை வாசிக்கவும், பிறிதொரு சட்டத்தோடு ஒப்பிடவும், திருத்தவும், திருத்தத்துக்குக் காரணம் சொல்லவும் கற்றுக்கொண்ட பையன்களிடம்தான் நாம் "பழசு" என்று சொல்லி அந்தக் கொப்பியை மூடவைத்தோம். 'நாம்' என்று எழுதுவது தெரிந்தேதான். விருந்தினர் பேசியபோது நானும் அந்த மேசையருகே இருந்தேன். மரியாதைக்காக வாய்மூடி இருந்துவிட்டேன். அந்தக் குற்றம் என்னுடையது.

கொப்பியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் போனேன். 2015 இன் கதையையும் 2024 இன் கதையையும் சொன்னேன். ஆறு பேரில் நால்வர் திரும்பி வந்தார்கள். ஒருவன் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். அவன் வராததில் எனக்கு வருத்தமில்லை. கண்பார்வை குறைந்த பையன் மட்டும், "இனி ஃபோனிலேயே விளையாடுறேன் அங்கிள், அதில் எல்லாம் புதுசு" என்று சொல்லிவிட்டான். அவனுக்காக எழுதப்பட்ட விதி இன்னும் அந்தக் கொப்பியில் இருக்கிறது. அதை எவரும் அடிக்கவில்லை; அடிக்க நான் விடவும் மாட்டேன்.

அடுத்தமுறை ஏதேனும் ஒரு வீட்டில் பிள்ளைகள் பழைய புத்தகமொன்றை வைத்து விளையாடுவதை நீங்கள் கண்டால், தயவுசெய்து அச்சிட்ட ஆண்டைப் பார்க்காதீர்கள். "உங்க ஊர் முறை என்ன?" என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.